தேர் திரும்புற மூலை

கூரியர் தம்பி மூன்றாவது முறையாகப் போன் பண்ணினார். "அண்ணா, நீங்க குடுத்த தெரு மேப்புல வரவே மாட்டேங்குதுங்ண்ணா."

பார்சலில் எழுதியிருந்தது வரி ரசீதில் உள்ள பெயர். ஒரு தலைவரின் பெயர், அதற்குப் பின்னால் குறுக்குத் தெரு, அதற்கும் பின்னால் ஓர் எண். பல வருஷமாக அந்தத் தெருவில் குடியிருக்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர்கூட வழி கேட்டு நான் பார்த்ததில்லை.

"தம்பி, பத்ரகாளியம்மன் கோயில் தெரியுமில்ல? மாசித் தேர் திரும்புற மூலைக்கு வந்து நில்லுங்க."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க" என்று கடிந்துகொண்டவர், நாலாவது நிமிஷம் வாசலில் ஹாரன் அடித்தார்.

தேர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்த மூலைக்கு வரும். மற்ற நாளெல்லாம் அங்கே ஒரு பஞ்சர் கடை, ஓர் இளநீர் வண்டி, நிழலுக்கு ஒதுங்கிய இரண்டு ஆடு. வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். அவருக்குத் தேர் திரும்பும் இடம் என்றதும் கண்ணில் தெரிகிறது, தலைவர் பெயர் தெரியவில்லை. தலைவர் மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அந்தத் தலைவர் இந்தத் தெருவில் கால் வைத்ததில்லை, தேர் வைத்திருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட கிறுக்கு, தெருப் பெயர்களின் பின்னாலேயே என்னை அலைய வைத்தது. மேச்சேரியில் ஆரம்பித்து சேலம், மேட்டூர், மதுரை, தஞ்சாவூர், சென்னை வரை. எங்கே போனாலும் தெருவுக்கு இரண்டு பெயர் இருந்தது. பலகையில் ஒன்று, வாயில் ஒன்று.

சேரி என்ற சொல்

முதலில் என் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்கிறேன். வெளியூரில் மேச்சேரி என்று சொன்னால் சிலருக்கு அம்மன் நினைவுக்கு வரும். கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு ஆடுதான் நினைவுக்கு வரும். இளஞ்செம்பழுப்பு நிறத்தில், கொம்பில்லாமல், உடம்பில் கம்பளி இல்லாமல் மேயும் எங்கள் செம்மறிக்கு 'மேச்சேரி' என்றே பெயர். தோலுக்குப் பேர்போன இனம். பக்கத்துப் பொட்டனேரியில் 1978 முதல் இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. உலகத்து ஆட்டினங்களின் பட்டியலில் எங்கள் ஊர் ஓர் ஆடாகத்தான் இடம்பிடித்திருக்கிறது. அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

ஊர்ப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் காதுக்கு இரண்டு விதமாக விழுகிறது. மேற்கே இருக்கும் சேரி என்றும் விழும், மேய்ச்சலுக்கு வந்தவர்கள் சேர்ந்த சேரி என்றும் விழும். ஆட்டைப் பார்த்தால் இரண்டாவது சரி போலவும், இலக்கணத்தைப் பார்த்தால் முதலாவது சரி போலவும் படுகிறது. இரண்டிலும் மாறாமல் நிற்பது 'சேரி'.

இந்தச் சொல் பட்ட பாடு தனிக் கதை. சேர்ந்து வாழும் இடம் சேரி. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், உத்தரமேரூர்ப் பிராமணர்கள் தங்கள் ஊரைப் பன்னிரண்டு சேரிகளாகவும் முப்பது குடும்புகளாகவும் பிரித்துக் குடவோலை போட்டார்கள். அதே சோழர் காலக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி உண்டு, ஈழச்சேரி உண்டு, பறைச்சேரி உண்டு, தீண்டாச்சேரியும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடவந்த நானூறு பெண்களும் குடியிருந்தது தளிச்சேரியில். பின்னால் மேலே இருந்தவர்கள் தங்கள் பகுதிக்கு அக்ரகாரம், வீதி, நகர் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். சொல் கீழே தள்ளப்பட்டவர்களோடு தங்கிவிட்டது. இன்று நகரத்தில் ஒருவரிடம் "நீங்க சேரியா?" என்று கேட்டால் அது கேள்வி இல்லை, வசவு. அதே சொல்லைச் சுமக்கும் மேச்சேரியிலும் புதுச்சேரியிலும் வேளச்சேரியிலும் வீடு வாங்குகிறவர்கள் யாரும் முகம் சுளிப்பதில்லை. சொல்லில் அழுக்கு இல்லை, சொன்ன வாயில்தான் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

செவ்வாயில் வெள்ளி

மேச்சேரியிலிருந்து ஓமலூர் வழியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறினால், கண்டக்டரின் குரலே ஓர் ஊர் வரலாறு. கருப்பூர், மாமாங்கம், குரங்குச்சாவடி, அஞ்சு ரோடு, புது பஸ் ஸ்டாண்டு. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். எந்தக் காலத்துப் பயணி எந்தக் குரங்கிடம் கட்டுச்சோற்றைப் பறிகொடுத்தாரோ, இன்று அந்தச் சாவடியின் தலைக்கு மேல் பாலம் போகிறது, பெயர் மட்டும் கீழே குரங்கோடு உட்கார்ந்திருக்கிறது.

சேலத்துக்காரர்களின் தெருக் கணக்கு தனி. மூணு ரோடு, நாலு ரோடு, அஞ்சு ரோடு என்று மூன்றுமே இங்கே உண்டு. வேறு ஊராக இருந்தால் இந்நேரம் மூன்று பேருக்குச் சிலை வைத்து மூன்று பெயர் சூட்டியிருப்பார்கள். இங்கே எண்ணிப் பார்த்ததோடு முடித்துக்கொண்டார்கள். புது பஸ் ஸ்டாண்டுக்கு முறைப்படி எம்.ஜி.ஆர். பெயர், பாரத ரத்னாவும் டாக்டரும் முன்னால் சேர்ந்த நீளமான பெயர். அவர் மேல் உயிரையே வைத்திருக்கும் பாட்டிகள்கூட "புது பஸ் ஸ்டாண்டு ஒண்ணு குடு கண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். அது புதிதாக இருந்து எத்தனையோ வருஷமாயிற்று.

செவ்வாய்ப்பேட்டைக்குப் போனால் பெயர் தன் கதையைத் தானே சொல்லிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய பேட்டை அது. நாமக்கல் பக்கம் புதன்சந்தை, தர்மபுரி பக்கம் வெள்ளிச்சந்தை என்று இந்தச் சமவெளி முழுக்கக் கிழமைகள் ஊர்களாக நிற்கின்றன. வண்டி கட்டிப் போகிறவனுக்கு ஊரின் பெயரைவிடச் சந்தை கூடும் நாள்தான் முக்கியம். நாளை மறந்தால் மாடு விற்காமல் திரும்ப வேண்டும். அதனால் நாளையே பெயராக்கி வைத்தார்கள், காலண்டர் வாங்கும் செலவு மிச்சம். இன்று செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்குப் பேர்போனது. சந்துக்குள் நுழைந்தால் ஒரு வீட்டில் கம்பி இழுக்கிறார்கள், அடுத்த வீட்டில் பற்ற வைக்கிறார்கள், அதற்கடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா சலங்கை மணிகளைக் கோத்துக்கொண்டிருக்கிறார். "செவ்வாயில வெள்ளி வாங்கணும்னா இங்கதான் வரணும்" என்று ஒரு பட்டறைக்காரர் சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். பல காலமாக எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்லிவரும் ஜோக்காக இருக்க வேண்டும். சிரித்தேன்.

சேலத்தில் முதல் அக்ரகாரம், இரண்டாம் அக்ரகாரம் என்று அக்ரகாரத்துக்கும் எண்தான். இன்றைக்கு அங்கே வேதம் ஓதும் சத்தத்தைவிட ஷட்டர் தூக்கும் சத்தம்தான் அதிகம், எல்லாம் கடைவீதி. குகைப் பகுதியில் புலிக்குத்தி தெரு என்று ஒன்று உண்டு. புலியோடு சண்டையிட்டு மாண்டவனுக்கு நட்ட கல்லைக் கொங்குப் பக்கம் புலிக்குத்திக் கல் என்பார்கள். கையில் ஈட்டி, எதிரே பின்னங்காலில் நிற்கும் புலி என்று ஊருக்கு ஊர் பார்க்கலாம். பெரிய நகரத்தின் நடுவில், ஆட்டோ ஹாரனுக்கு இடையில், அதே சொல் ஒரு தெருவின் பெயராக நிற்கிறது. சேர்வராயன் மலை அடிவாரத்தில் எத்தனை பக்கம் காடு இருந்திருக்கும் என்று யோசிக்க அந்த ஒரு சொல் போதும். அதே நகரத்தில் பிரட்ஸ் ரோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலெக்டர் பிரெட்டின் பெயரில். புலியைக் குத்தியவனுக்கும் ஒரு தெரு, வரி வாங்கியவருக்கும் ஒரு தெரு. சேலம் யாரையும் விடவில்லை.

மேச்சேரியிலிருந்து எதிர்த்திசையில் போனால் மேட்டூர். அணைக்கு ஆவணப் பெயர் ஸ்டான்லி நீர்த்தேக்கம். 1925-ல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்டில் திறந்தபோது மதராஸ் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் ஸ்டான்லி. உபரி நீர் வெளியேறும் மதகு எல்லிஸ் என்ற என்ஜினீயரின் பெயரில் இருக்கிறது. அணையை வடிவமைத்தவர், கவர்னரைவிட அதிகம் உழைத்தவர். எங்கள் பக்கம் எல்லிஸ் என்று சொல்லிப் பாருங்கள், யாரோ கடைக்காரர் என்று நினைப்பார்கள். "பதினாறு கண்ணுல தண்ணி தொறந்துட்டாங்களா?" என்று கேளுங்கள், ஏழு வயதுப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். அந்த மதகுப் பாலத்தில் எத்தனை கண் என்று எண்ணியவர்கள் வைத்த பெயர் அது. சின்ன வயதில் ஒவ்வொரு ஆடிப் பெருக்குக்கும் அப்பா என்னை அங்கே நிறுத்தி எண்ணச் சொல்வார். ஒரு தடவைகூட எனக்குப் பதினாறு வந்ததில்லை. தண்ணீர் பாயும்போது யாரால் எண்ண முடியும்?

கலெக்டருக்கு விளக்கு, மேஸ்திரிக்குத் தெரு

தெருப் பெயரில் மதுரையை அடிக்க ஊர் கிடையாது. கோயிலுக்குள் ஆடி வீதி. மதிலைத் தாண்டினால் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. கல்லை எறிந்தால் குளத்தில் வளையம் விரிவதுபோல மாதங்கள் விரிகின்றன. எந்த மாதத்தில் எந்த வீதியில் சாமி வலம் வரும் என்பதுதான் பெயருக்கு மூலம்.

மதுரைக்காரர்களுக்குப் பழகிப்போய்த் தெரியாமலே போன ஒரு முரண் இதில் உண்டு. சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார். விழா மாதம் மாறியது, தேர் மாறவில்லை. மாசி வீதி அகலத்துக்குச் செய்த தேரைச் சித்திரை வீதியில் எப்படி ஓட்டுவது? ராஜா உத்தரவால் பஞ்சாங்கத்தை நகர்த்த முடிந்தது. வீதிக்கு மட்டும் அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. இன்றும் ஏப்ரல் வெயிலில் லட்சம் பேர் மாசி வீதியில் தேர் இழுக்கிறார்கள்.

தேர் இழுத்தவர்களுக்குத் தெரியும் ஒரு சிக்கல். வடம் நீளமானது, ஆட்களோ நூற்றுக்கணக்கில். மூலை திரும்பும்போது இவ்வளவு பேரும் வடத்தோடு எங்கே போவது? நேரே ஒரு சந்து இருந்தால் வடத்தை அதற்குள் போக்கி, தேரை மூலைக்குக் கொண்டுவந்து திருப்பலாம். அப்படி வடம் போகும் சந்துக்கு வடம்போக்கித் தெரு என்று பெயர். மதுரையில் மகால் வடம்போக்கித் தெரு, திருநெல்வேலிப் பக்கமும் இதே பெயரில் தெருக்கள். சேலம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் 'தேர் திரும்புற மூலை' என்று கூரியருக்கு வழி சொன்ன எனக்கு, இந்தப் பெயரைப் படித்தபோது ஒரு நிம்மதி. என் முகவரிக்குப் பெரிய ஊரிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

மாசி வீதிக்கு வெளியே கதை வெள்ளைக்காரன் காலத்துக்கு வந்துவிடுகிறது. 1830, 40-களில் மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊரை நெருக்கிக்கொண்டிருந்த கோட்டைச் சுவரை இடிக்க முடிவெடுத்தார். அரசாங்கத்திடம் அவ்வளவு பணமில்லை. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்தையே தருகிறேன் என்றார். ஜனங்கள் இடித்தார்கள். கோட்டை போன இடத்தில் வெளி வீதிகள் வந்தன. நில அளவை பார்த்த மாரட் என்பவர் பெயரில் மாரட் வீதி. கட்டட வேலையைக் கவனித்த பெருமாள் என்ற மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். கலெக்டருக்கு ஊர்க்காரர்கள் நன்றியோடு ஒரு விளக்கு நட்டார்கள். அது இன்றும் நிற்கிறது, விளக்குத்தூண் என்று பெயர். அதைச் சுற்றி ஜவுளி வாங்க வரும் கூட்டத்தில் பிளாக்பர்ன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மேஸ்திரி கதை அப்படி இல்லை. தினமும் பல்லாயிரம் வாய் 'பெருமாள் மேஸ்திரி' என்று பதவியும் சேர்த்துச் சொல்கிறது. லாட்ஜ் பலகையில், பில் புத்தகத்தில், பார்சல் ஆபீஸ் சீட்டில் அவர் இருக்கிறார். கொத்துக் கரண்டி வேலையைக் கண்காணித்த ஒருவரின் பெயர் வேறு எந்த ஊரில் இத்தனை பெரிய வீதியில் ஓடுகிறது? எனக்குத் தெரிந்து இல்லை.

அரசர்கள் வைத்த பெயர் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சாவூர் இருக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்துத் தஞ்சையின் தெருக்கள் வரிசையாக வருகின்றன. வீரசோழப் பெருந்தெரு, மும்மடிசோழப் பெருந்தெரு, நித்தவினோதப் பெருந்தெரு, ஜயங்கொண்ட சோழப் பெருந்தெரு, எல்லாம் ராஜாவின் பட்டங்கள். அவற்றுக்கு நடுவே மடைப்பள்ளித் தெரு, சாலியத் தெரு, வில்லிகள் தெரு, ஆனையாட்கள் தெரு, ஆனைக்கடுவார் தெரு. சமைப்பவர்கள், நெய்பவர்கள், வில்லாளிகள், யானை பார்ப்பவர்கள். தளிச்சேரியில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் எந்த ஊரிலிருந்து வந்த எந்தப் பெண் குடியிருக்கிறாள் என்றுகூடக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இன்றைய கூரியருக்கு அந்தக் கல்வெட்டைக் கொடுத்தால் ஒரு போன்கூடப் பண்ணாமல் பார்சலைச் சேர்த்துவிடுவார்.

அந்தப் பெருந்தெருக்களில் ஒன்றுகூட இன்று தஞ்சையில் புழக்கத்தில் இல்லை. சாலியர் தெரு என்ற பெயரைத் தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் வேண்டுமானாலும் கேட்கலாம். தறி ஓடும் வரைக்கும் தெரு தன் பெயரை மறக்காது. பேரரசு அப்படி இல்லை.

ஹாமில்டன் சவரம் செய்த கதை

சென்னையில் வாய் வேறு விதமாக விளையாடியிருக்கிறது. ஜார்ஜ் டவுனில் அர்மீனிய வணிகர்கள் குடியிருந்த தெரு ஆங்கிலத்தில் அர்மீனியன் தெரு. 1772-ல் கட்டிய அவர்கள் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. தமிழ் வாய்க்கு அர்மீனியன் அரண்மனைக்காரன் ஆகிவிட்டான். அங்கே எந்த அரண்மனையும் இல்லை. ஹாமில்டன் என்ற பெயரில் இருந்த பாலம் தமிழில் அம்பட்டன் வாராவதி ஆனது. அதைக் கேட்ட இன்னொரு வெள்ளைக்காரன், அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதினான். ஹாமில்டன் கடைசியில் கையில் கத்தி பிடித்துவிட்டார். இப்போது அது அம்பேத்கர் பாலம்.

பவளக்காரத் தெருவில் ஒரு காலத்தில் யூத வணிகர்கள் ஐரோப்பாவிலிருந்து பவளம் கொண்டுவந்து விற்று வைரம் வாங்கிப் போனார்கள். வால்டாக்ஸ் ரோடு, நகரத்துக்குப் பாதுகாப்பாக எழுப்பிய சுவரின் செலவை ஈடுகட்ட யோசித்த வரியின் பெயர். வேடிக்கை என்னவென்றால் அந்த வரி வசூலிக்கப்படவே இல்லை. சுவரும் போய்விட்டது. இல்லாத சுவரின் வாங்காத வரி, ஒரு சாலையாக மிஞ்சியது. பாண்டி பஜாரில் சேலை எடுக்கிறவர்கள் பலருக்கு அது புதுச்சேரியோடு சம்பந்தப்பட்டது என்ற நினைப்பு. நீதிக்கட்சியின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனின் கடைசிப் பாதிதான் அந்தப் பாண்டி.

கடல் தாண்டினாலும் இதே பழக்கம். கொழும்பில் சீ ஸ்ட்ரீட் என்று பலகை இருக்கும், தமிழர்களுக்கு அது செட்டியார் தெரு, நகை வாங்கும் இடம். சிங்கப்பூரில் நகரத்தாரின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் ஸ்ட்ரீட் நம்மவர்களுக்குச் செட்டித் தெரு.

டாக்டர் சாலை

இதுவரை வாயின் பக்கமே நின்று பேசிவிட்டேன். வாய்க்கு இன்னொரு முகமும் உண்டு. செட்டித் தெரு என்று கேட்டால் பணம் ஞாபகம் வருகிறது. வேறு சில தெருப் பெயர்களைக் கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கிறது, சொல்பவர் இல்லை, அங்கே குடியிருப்பவர்.

கல்லூரியில் என்னோடு படித்த ஒரு நண்பன் மூன்று வருஷமும் விடுதி விண்ணப்பத்தில் தன் முகவரியை 'மெயின் ரோடு' என்றுதான் எழுதினான். ஊரில் மெயின் ரோட்டிலிருந்து அவன் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். லீவுக்கு ஒரு முறை சொல்லாமல் போய் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. தெரு முனையில் பச்சைப் பலகையில் சாதிப் பெயரும் அதையடுத்துக் 'காலனி'யும். அவனுடைய அம்மா காபி கொடுத்தார். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெயரை வைத்தது அவர்கள் இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டியவர்கள் வைத்தது.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். அக்டோபரில் சாதிப் பெயர் கொண்ட தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணை வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கும் போனது. அதே மாதம் கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டியதும், டீக்கடை தோறும் ஒரே கேள்வி: தெருவில் கூடாத சாதி பாலத்தில் மட்டும் ஆகுமா? ஜி.டி. என்று மட்டும் எழுதினால் யாருக்குப் புரியும் என்பது பதில் கேள்வி.

இதற்குச் சென்னை ஒரு முறை பதில் சொல்லிப் பார்த்தது. 1970-களின் கடைசியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகளை எடுத்தார்கள். எண்ணம் நல்லது, பெயிண்ட் அடித்தவர் கையில்தான் கோளாறு. தியாகராய நகரின் ஜி.என். செட்டி சாலை ஜி.என். சாலை ஆனது. டாக்டர் நாயர் சாலை வெறும் டாக்டர் சாலை ஆனது. 1916-ல் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.எம். நாயருடைய பெயரில் மிஞ்சியது அவர் காது மூக்கு தொண்டை பார்த்த பட்டம் மட்டும். சாதி ஆதிக்கத்தை எதிர்த்துக் கட்சி கட்டியவரையே சாதி ஒழிப்பு துடைத்துப் போட்ட கதை அது. ஜனங்கள் என்னவோ நாயர் ரோடு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெயரைத் தூக்கியதில் இன்னொரு அனுபவமும் நமக்கு உண்டு. 1997-ல் தென்மாவட்டக் கலவரத்துக்குப் பிறகு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்களை மொத்தமாக எடுத்தார்கள். எங்கள் பக்கம் அண்ணா போக்குவரத்துக் கழகம் என்று எழுதி ஓடிய பஸ்கள் சேலம் கோட்டம் ஆயின. யாரும் வருத்தப்பட்டதாக நினைவில்லை. பஸ்ஸை யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டிருக்கவில்லை.

என் அபிப்பிராயம் இது. குடியிருப்பவரைக் கூனிக் குறுக வைக்கும் பெயர் எத்தனை நூற்றாண்டுப் பழையதானாலும் போகட்டும். அது வரலாறு என்று வாதாடுகிறவர்கள் தங்கள் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் அதை எழுதிப் பார்க்கட்டும். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் நாம் சோம்பேறிகள். கை தானாக ஒரு தலைவர் பெயரை எழுதுகிறது. மாவட்டத்தில் எத்தனை காந்தி நகர், எத்தனை அண்ணா நகர், எத்தனை எம்.ஜி.ஆர். நகர்! கூரியர் தம்பிகள் பாவம். அந்தத் தெருவில் யார் கிணறு வெட்டினார்கள், எந்த மரத்தடியில் பள்ளிக்கூடம் நடந்தது, எந்த வேலைக்காரியின் பணியாரத்துக்கு ஊர் காத்திருந்தது என்று தெருவையே கேட்டால் சொல்லாதா? பெருமாள் மேஸ்திரிக்குப் பெயர் வைத்த மதுரை அதைத்தானே செய்தது.

என் நண்பனின் ஊரில் அந்தப் பலகை போய்விட்டது. போன மாதம் பேசியபோது, புதுப் பெயர் என்ன என்று கேட்டேன். ஒரு தலைவர் பெயரைச் சொன்னான். "நீங்க எப்படிடா சொல்றீங்க?" என்றேன். "புளியமரத்து வீதின்னு சொல்றோம். நாங்களே வச்சது" என்றான்.

இதை எழுதி முடிப்பதற்கு முந்தின நாள் மேட்டூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அந்த வழியில் ராமன் நகரையொட்டிப் புதுச்சாம்பள்ளி வருகிறது. பெயரில் 'புது' இருந்தால் பழையது எங்கே என்று தேடுவது இப்போது எனக்கு வியாதியாகிவிட்டது. சாம்பள்ளி அணைக்குள் இருக்கிறது. நீர் தேங்கத் தொடங்கியபோது மூழ்கிய ஊர்களில் அதுவும் ஒன்று. ஜனங்கள் மேட்டுக்கு வந்து, ஊரின் பெயரை மட்டும் கையோடு கொண்டுவந்து, முன்னால் ஒரு 'புது' சேர்த்துக்கொண்டார்கள். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. மட்டம் 70 அடியை ஒட்டி இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். பரிசல் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

மேச்சேரியில் ஏறிய ஓர் ஆயா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை, பையில் சந்தையில் வாங்கிய வெங்காயம். கண்டக்டர் வந்தார்.

"எங்கங்க ஆயா?"

"சாம்பள்ளி ஒண்ணு சாமி."

கண்டக்டர் மிஷினில் இரண்டு தட்டுத் தட்டி, கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஆயா அதைப் பார்க்காமலே சுருட்டிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். சீட்டில் அச்சாகியிருந்தது புதுச்சாம்பள்ளி.